மாண்டினீக்ரோவுக்கு ரயிலா, காரா, பஸ்ஸா?

"துப்ரோவ்னிக் வரைக்கும் போறோம், பக்கத்துலதானே மாண்டினீக்ரோ, ஒரு காரை எடுத்துக்கிட்டுப் போய்ட்டு வந்துடலாமே?" கோடை விடுமுறைக்குத் திட்டம் போடும் நண்பர்கள் யாராவது ஒருவர் வருஷா வருஷம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் நியாயமான கேள்விதான். குரோவேஷியாவின் கடலோர ஊரான துப்ரோவ்னிக்கிலிருந்து எல்லை சுமார் 40 கிலோமீட்டர், மாண்டினீக்ரோவின் கோட்டோர் நகரம் சுமார் 90. நானும் அப்படித்தான் நினைத்து முதல் தடவை காரில் போனேன். இரண்டாவது தடவை செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ரயிலேறிப் போய், பஸ்ஸில் திரும்பினேன். மூன்றையும் பார்த்தாகிவிட்டது என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்: மூன்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள், பாஸ்போர்ட்டில் எந்த விசா இருக்கிறது, இந்த இரண்டும்தான் முக்கால்வாசி முடிவைச் செய்துவிடுகின்றன.

நாடு சின்னது. பரப்பு 13,800 சதுர கிலோமீட்டரைச் சுற்றி. 2023 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஆறேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கடற்கரை 293 கிலோமீட்டர். 2006இல் வாக்கெடுப்பு நடத்தி செர்பியாவிடமிருந்து பிரிந்தது. அவர்கள் மொழியில் நாட்டின் பெயருக்கு 'கருமலை' என்று பொருள். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்பினாலும் எந்த வழியாக வந்தாலும் மலையைத் தாண்டியோ, மலையின் விளிம்பை ஒட்டியோதான் போயாக வேண்டும்.

முதலில் விசா. வண்டியைப் பற்றிப் பேசும்போது விசா எதற்கு என்று தோன்றும். ஆனால் பலருடைய திட்டம் கவிழ்வது இங்கேதான். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் மாண்டினீக்ரோவில் 30 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். அதுவரை நல்ல செய்தி. ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனுக்குள் மாண்டினீக்ரோ இல்லை. குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் உள்ளே இருக்கிறது. ஆக, துப்ரோவ்னிக்கிலிருந்து எல்லையைத் தாண்டிய நிமிடமே ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். உங்களுடையது ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் திரும்பி உள்ளே போக முடியாது. துப்ரோவ்னிக்கில் எடுத்த காரை அங்கேயே திருப்பிக் கொடுக்கும் யோசனை அதோடு முடிந்தது. பலமுறை நுழையும் விசா உள்ளவர்களுக்கும், ஷெங்கன் நாடுகளில் வதிவிட அனுமதியோடு இருப்பவர்களுக்கும் இந்தக் கவலை இல்லை. செர்பியா வழியாக வருவதாக இருந்தால் இன்னொரு விஷயம்: இந்தியர்களுக்கு முன்பு இருந்த விசா இல்லாத நுழைவை செர்பியா 2023 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. ஷெங்கன், அமெரிக்க, பிரிட்டன் விசா கையில் இருந்தால் விடுகிறார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் டிக்கெட் போடும் முன் தூதரகப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, இப்போது ரயில்.

மாண்டினீக்ரோவுக்கு ரயில் என்றால் நடைமுறையில் ஒன்றே ஒன்றுதான்: பெல்கிரேடிலிருந்து பார் துறைமுகம் வரை வரும் பாதை. (ஊரின் பெயரே 'பார்'. தமிழர்களுக்கு இதற்குமேல் அழைப்பிதழ் வேண்டுமா!) துப்ரோவ்னிக்குக்கு ரயிலே இல்லை. அல்பேனியாவிலிருந்து பயணிகள் ரயில் வருவதில்லை. ஒரு காலத்தில் கோட்டோர் விரிகுடாவுக்கே ரயில் வந்தது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு 1901இல் ஹெர்செக் நோவிக்கு அருகிலுள்ள செலெனிகா வரை குறுகிய பாதை ஒன்றைப் போட்டது. 1968இல் அதை மூடிவிட்டார்கள். ஹெர்செக் நோவியில் இன்று கடலோரமாக நடக்கிறோமே, அந்த நடைபாதை பழைய தண்டவாளம் கிடந்த தடம்தான். நடுவில் திடீரென்று சின்னச் சின்னச் சுரங்கங்கள் வருவதற்கும் அதுவே காரணம்.

பெல்கிரேட்–பார் பாதையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 476 கிலோமீட்டர். 254 சுரங்கங்கள், 435 பாலங்கள். சுரங்கங்களின் நீளத்தை மட்டும் கூட்டினால் 114 கிலோமீட்டர். பயணத்தில் கிட்டத்தட்டக் கால்பங்கு மலையின் வயிற்றுக்குள்ளேயே போகிறது. செர்பியாவும் மாண்டினீக்ரோவும் அப்போது சேர்ந்திருந்த யுகோஸ்லாவியா 1952இல் வேலையைத் தொடங்கியது. பணம் வருவதும் நிற்பதுமாக இழுத்துக்கொண்டே போய் 1976 மே மாதம்தான் அதிபர் டிட்டோ திறந்துவைத்தார். கப்பல் வரும் துறைமுகத்தைத் தலைநகரத்தோடு இணைக்க வேண்டும் என்பது நோக்கம். நடுவில் இருந்த மலைகளைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

உஷிட்சே தாண்டும் வரை சாதாரணமான செர்பிய நாட்டுப்புறம்தான். சோளக்காடு, ஓட்டு வீடு, பிளம் தோப்பு. அப்புறம் பாதை மேலே ஏறத் தொடங்குகிறது. நடுவில் சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியே வரும். வண்டி நிற்காது, யாரும் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள், பெரும்பாலானவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அந்தத் துண்டில் ஷ்ட்ர்ப்சி என்று ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. போஸ்னியப் போர்க்காலத்தில், 1993 பிப்ரவரி 27 அன்று, இதே பாதையில் வந்த ரயிலை அங்கே நிறுத்தி, சுமார் இருபது பயணிகளைப் பெயரும் மதமும் பார்த்து இறக்கிக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதைத் தெரிந்துகொண்டு அந்த நிலையத்தைத் தாண்டுவது வேறு மாதிரி இருக்கிறது.

மாண்டினீக்ரோவுக்குள் பியெலோ போல்யே, அப்புறம் கோலாஷின். கோலாஷின் அருகேதான் பாதையின் உச்சி, 1,032 மீட்டர். அங்கிருந்து எழுபது கிலோமீட்டர் சுமாரில் தலைநகர் பொட்கோரிட்சாவின் சமவெளிக்கு, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இறங்க வேண்டும். மொராச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு கீழே நூலாகத் தெரிய, மலைச் சுவரில் கோடு கிழித்தது போலப் பாதை. சுரங்கம், ஐந்து நொடி வெளிச்சம், மறுபடி சுரங்கம். மாலா ரியேகா பாலம் இந்த இறக்கத்தில்தான் வருகிறது. 498 மீட்டர் நீளம், 198 மீட்டர் உயரம். 2001 வரை உலகத்திலேயே உயரமான ரயில் பாலம் இதுதான். பிறகு சீனா முந்திவிட்டது. சுரங்கங்களை எண்ணிக்கொண்டே வந்த என் மகள் எண்பதுக்குப் பக்கத்தில் தூங்கிவிட்டாள். பாலத்துக்கு எழுப்பினோம். எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, கீழ தரையே இல்ல" என்றாள்.

இனி கசப்பான பக்கம். வண்டி பழசு, பாதை அதைவிடக் களைத்துப்போனது. பல இடங்களில் ஊர்ந்துதான் போகும். கால அட்டவணையிலேயே பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம். அதற்குமேல் ஒன்றிரண்டு மணி நேரத் தாமதம் என்பது அதிசயம் இல்லை. போய்ச் சேரும் நாளில் வேறு எதையும் முன்பதிவு செய்யாதீர்கள். உணவுப் பெட்டி இருக்கும் என்று நம்பி ஏற வேண்டாம். தண்ணீர், ரொட்டி, பழம், கழிப்பறைக் காகிதம் எல்லாம் பையில் இருக்கட்டும். புகைபிடிக்கக் கூடாது என்று ஒட்டியிருக்கும் பலகைக்குக் கீழேயே நின்று புகைபிடிப்பவர்களைப் பார்ப்பீர்கள். சண்டைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொள்வது உத்தமம்.

இரவு வண்டி, லோவ்சென் என்று பெயர், ஆண்டு முழுவதும் ஓடுகிறது. தாரா என்ற பகல் வண்டி கோடையில் மட்டும். பகல் வண்டி கிடைத்தால் யோசிக்காமல் அதில் ஏறுங்கள் என்பதுதான் எல்லோரும் சொல்லும் அறிவுரை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஜூன், ஜூலையில் அங்கே காலை ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. இரவு வண்டி கோலாஷினைத் தொடுவது ஏறக்குறைய அப்போதுதான். செர்பியாவின் சோளக்காட்டைத் தூக்கத்தில் கடந்துவிட்டு, மொராச்சா பள்ளத்தாக்கை விடியலில் பார்க்கலாம். ஓர் இரவு ஓட்டல் செலவும் மிச்சம். குளிர்காலத்தில் இந்தக் கணக்கு எடுபடாது, எல்லாம் இருட்டு. இருக்கை டிக்கெட் இருபத்தைந்து யூரோவைச் சுற்றி இருக்கும், படுக்கைக்குத் தனியாகக் கொஞ்சம். படுக்கைப் பெட்டியில் கண்டக்டர் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு காலையில்தான் தருவார், பதற வேண்டாம். ஆனால் நடுராத்திரி கடந்து இரண்டு எல்லைக் காவல்காரர்கள் அடுத்தடுத்து எழுப்புவார்கள். நல்ல தூக்கம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

பன்னிரண்டு மணி நேரம் முடியாது, ஆனால் அந்தப் பாலத்தைப் பார்த்தாக வேண்டும் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. பாதையின் அழகான பகுதி மொத்தமும் மாண்டினீக்ரோவுக்குள்தான் இருக்கிறது. எப்படி வந்து சேர்ந்தாலும் சரி, பொட்கோரிட்சாவில் உள்ளூர் ரயிலேறிக் கோலாஷின் போய், ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடலாம். சில யூரோவில் முடிந்துவிடும் காரியம்.

காருக்கு வருவோம். நான் போனது ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. அதைச் சொன்னாலே தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். குரோவேஷியப் பக்கம் கராசோவிச்சி, மாண்டினீக்ரோ பக்கம் தேபெலி பிரியெக் என்ற எல்லைச் சாவடியில்தான் பெரும்பாலான வண்டிகள் போகின்றன. அங்கே இரண்டரை மணி நேரம் நின்றோம். வெயில் சுட்டது, முன்னால் இருந்த வண்டியிலிருந்து ஒரு குடும்பமே இறங்கி ரோட்டோரம் தர்பூசணி வெட்டிச் சாப்பிட்டது. கடலை ஒட்டி இன்னொரு சின்னச் சாவடியும் இருக்கிறது, விட்டாலினா என்ற கிராமத்தைத் தாண்டி. சில நாள் அது காலியாக இருக்கும். சில நாள் எல்லோரும் அதே யோசனையோடு அங்கே வந்துவிட்டிருப்பார்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் முறை வேறு தொடங்கியிருக்கிறது. முதல் தடவை பதிவு செய்கிறவர்களுக்கு நேரம் இன்னும் கூடும் என்று கணக்கில் வையுங்கள்.

வாடகைக் கார் என்றால் எல்லை தாண்டுவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். நாங்கள் எடுத்த இடத்தில் பதிவு செய்யும்போது இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சாவி கொடுக்கும்போதுதான் சொன்னார்கள். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடலாமா என்று கேட்டால் சொல்லும் தொகையில் ரயிலில் நாலு தடவை போய்வரலாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் வேண்டும். அங்கே ரோட்டின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது தெரிந்ததுதான். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அணைத்துவிட்டு ஓட்டினால் அபராதம்.

இத்தனையும் சொல்லிவிட்டுக் காரைத் திட்டவும் மனம் வரவில்லை. கமெனாரியிலிருந்து லெபெத்தானேவுக்குக் காரைப் படகில் ஏற்றிக்கொண்டு விரிகுடாவின் இடுக்கைக் கடந்த பத்து நிமிடம் அருமை. (விரிகுடாவைச் சுற்றிப் போகும் ரோடும் உண்டு. அவசரம் இல்லாதவர்கள் அதில் போனால் பெராஸ்ட் ஊர் வழியாகப் போகலாம்.) கோட்டோரிலிருந்து மேலே நியெகுஷி கிராமத்துக்கு ஏறும் பழைய ரோட்டில் 25 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். எதிரே சுற்றுலாப் பேருந்து வந்தால் யார் பின்வாங்குவது என்று ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். பெரும்பாலும் நாம்தான் பின்வாங்குவோம். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் விரிகுடா மொத்தமும் ஒரே பார்வையில். துர்மிட்டோர் மலை, தாரா பள்ளத்தாக்கு, ஸ்கடார் ஏரியின் தென்கரைக் கிராமங்கள், இங்கெல்லாம் பஸ் அரிது. கார் இல்லாமல் பார்ப்பது கஷ்டம்.

ஆக, காரில் நாட்டுக்குள் சுற்றுவது சுகம், காரோடு எல்லையைக் கடப்பதுதான் தொல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பயணம் முழுதாகச் செலவானது. எதில் வேண்டுமானாலும் உள்ளே வாருங்கள். கார் வேண்டுமென்றால் பொட்கோரிட்சாவிலோ, திவாத்திலோ, கோட்டோரிலோ இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் எடுங்கள். கோட்டோர் பழைய நகரத்துக்குள் கார் போகாது. புட்வாவில் ஆகஸ்டில் பார்க்கிங் தேடுவது ஒரு முழுநேர வேலை. கடற்கரை ஊர்களில் தங்கும் நாட்களில் கார் கையில் இருந்தால் சுமைதான்.

பெல்கிரேடிலிருந்து சொந்தக் காரில் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்–பொல்யாரே நெடுஞ்சாலை என்று பெரிதாகப் பேசப்படுகிறதே, அதில் 2022 ஜூலையில் திறந்தது பொட்கோரிட்சாவுக்கு வடக்கே 41 கிலோமீட்டர் மட்டும். சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியிடம் 2014இல் 94 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கிப் போட்ட சாலை. உலகிலேயே விலை உயர்ந்த சாலைகளில் ஒன்று என்று திட்டாத பத்திரிகை இல்லை. ஓட்டிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்பதும் உண்மை. மொராச்சா பள்ளத்தாக்கின் பழைய ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்த நேரம் மிச்சமாகிறது. என்ன, பள்ளத்தாக்கும் கண்ணில் படாமல் போய்விடுகிறது. பொட்கோரிட்சாவிலிருந்து கடலுக்கு இறங்க 2005இல் திறந்த சோசினா சுரங்கச் சாலை, நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம், டோல் உண்டு. நாலு பேர், குழந்தை, ஏகப்பட்ட சாமான் என்றால் சொந்தக் கார் கட்டுபடியாகும். மற்றபடி எட்டு, ஒன்பது மணி நேரம் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு மலைரோட்டில் வருவதற்கு ஏன் விடுமுறை?

பஸ்ஸைப் பற்றி யாரும் ஆசையாகப் பேசுவதில்லை. ஆனால் அந்த நாட்டு மக்கள் அதிகம் நம்புவது பஸ்ஸைத்தான். துப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோருக்கு எல்லை சுலபமாக இருந்தால் இரண்டரை மணி நேரம். ஆகஸ்டில் நாலு மணி நேரமும் ஆகலாம். டிக்கெட் இருபது, இருபத்தைந்து யூரோ. பெட்டியைக் கீழே வைக்க ஒன்றிரண்டு யூரோ சில்லறையாகக் கேட்பார்கள். சில பஸ் ஸ்டாண்டுகளில் பிளாட்பாரத்துக்குள் போகவே தனிக் காசு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மாண்டினீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் யூரோதான் புழங்குகிறது, குரோவேஷியாவும் 2023இல் யூரோவுக்கு மாறிவிட்டது. அதனால் இந்த வழியில் பணம் மாற்றும் வேலையே கிடையாது.

எல்லையில் பஸ்ஸுக்கும் காத்திருப்பு உண்டு. ஆனால் காத்திருப்பதை நீங்கள் ஓட்டிக்கொண்டு செய்ய வேண்டியதில்லை. ஒருமுறை நுழையும் விசா வைத்திருப்பவர்களுக்குத் துப்ரோவ்னிக் பக்கமிருந்து இதுதான் இயல்பான வழி: பஸ்ஸில் ஒருவழியாக உள்ளே வந்து, திவாத் அல்லது பொட்கோரிட்சா விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பிவிடலாம். அல்பேனியப் பக்கம் திரானா, ஷ்கோதர் ஊர்களிலிருந்து வருபவர்களுக்கும் பஸ்தான், வேறு பேச்சே இல்லை. சரயேவோவிலிருந்து வரும் பஸ் நீளமானது, ரோடு குறுகலானது, பீவா பள்ளத்தாக்கு கண்கொள்ளாக் காட்சி. வளைவுகளில் வயிற்றைப் புரட்டுபவர்கள் முன் இருக்கையாகப் பார்த்துப் பிடிக்கவும். பெல்கிரேடிலிருந்து வரும் இரவு பஸ் ரயிலைவிட ஓரிரு மணி நேரம் சீக்கிரம் வரும். அவசரக்காரர்களுக்கு அது. கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்பவர்களுக்கு ரயில்.

எனக்கு இன்னொரு தடவை வாய்த்தால் இப்படிச் செய்வேன். ஜூன் கடைசியில் பெல்கிரேடில் இரவு வண்டி ஏறுவேன். கோட்டோர் போக வேண்டியவர்கள் பொட்கோரிட்சாவில் இறங்கிவிடுவார்கள். ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அது வசதிதான். நான் இறங்கமாட்டேன். அதற்குப் பிறகு வரும் ஒரு மணி நேரத்தில்தான் வண்டி ஸ்கடார் ஏரியின் நடுவே கட்டிய கரைமேல் ஓடி, விர்பசாரைத் தாண்டி, ஆறு கிலோமீட்டர் சுரங்கம் ஒன்றுக்குள் நுழைந்து, வெளியே வரும்போது சுட்டோமோரேவில் கடலைக் காட்டும். இரவு முழுக்கக் காத்திருந்தது அதற்குத்தான், அதை விட்டுவிட்டு எங்கே போவது? பாரில் இறங்கி, பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் புட்வா. நடுவில் இரண்டு நாள் கார், மலைகளுக்கு மட்டும். கடைசியில் கோட்டோரிலிருந்து துப்ரோவ்னிக்குக்குப் பஸ்.

அந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துப்ரோவ்னிக்கிலிருந்து வருபவர்களுக்கு வலப்பக்க ஜன்னலில் கடலும் விரிகுடாவும் கூடவே வரும். என்னைப் போல அந்த வழியாகத் திரும்புபவர்கள் இடப்பக்கம் பிடிக்க வேண்டும். கோட்டோரில் பதினைந்து நிமிடம் முன்னாலேயே போய் நிற்காவிட்டால் பாறையைப் பார்த்துக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.